மைந்தர்க்கும் அடுக்களைப் பாடம்



நம் இல்லங்களில் கொல்லாமை நோன்பு எங்கே காக்கப்படுகின்றது என்று வினவினால், ஜினாலயத்தில் என்றும் சாத்திரச் சபையில் என்றும் விடை கூறுவோர் பலர். அவ்விடங்களில் நாம் அதனை ஓதுகின்றோம். பெரியோர் சொல்லக் கேட்கின்றோம். ஆனால் நாள்தோறும் அது கடைப்பிடிக்கப்படும் இடம் நம் அடுக்களையே ஆகும். விடியலில் நீர் வடிகட்டுவது முதல், தானியத்தைப் புடைத்து ஆராய்வது, விறகையோ அடுப்பையோ தட்டித் துடைத்துப் பற்றவைப்பது, பொழுது சாயுமுன் அனைவரும் உண்டு முடிக்கச் செய்வது ஈறாக, அத்தனையும் பெண்களின் கைகளாலேயே நடைபெற்று வருகின்றன.

பெண் மகவு உள்ள இல்லத்தில் அவள் ஏழெட்டு வயதிலேயே தாயின் அருகில் நின்று இவற்றைக் கண்டும் செய்தும் கற்றுக்கொள்கின்றாள். ஆண் மகவையோ, "உனக்கு இங்கே என்ன வேலை? போய்ப் படி" என்று அனுப்பிவிடுகின்றோம். யான் இரு புதல்வரைப் பெற்றவள். எனக்குப் பெண் மகவு இல்லை. ஆகவே என் மாமியார் எனக்குக் கற்பித்த இப்பாடம், என் வீட்டில் எவருக்கும் கற்பிக்கப்படாமலே பல்லாண்டுகள் கழிந்தன. அதனால் விளைந்ததையும், அதன்பின் நாங்கள் செய்ததையும் பிற தாய்மார்க்குப் பயன்படுமென்று கருதி இங்கே எழுதுகின்றேன்.

அடுக்களையும் ஹிம்சையும்

முதற்கண் நம் ஆன்றோர் வகுத்த ஒரு பாகுபாட்டை நினைவிற்கொள்வோம். ஹிம்சை நான்கு வகைப்படும். கொல்ல வேண்டுமென்று எண்ணிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. உண்டி சமைத்தல், வீடு பெருக்குதல், துணி வெளுத்தல் முதலிய இல்லற வேலைகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிகம் முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் பொருட்டு நேர்வது விரோத ஹிம்சை.

துறவியர் இந்நான்கினையும் முற்றத் துறந்தவர்கள். அணுவிரதம் பூண்ட இல்லறத்தாரோ சங்கல்ப ஹிம்சையை அறவே விடுதல் வேண்டும். ஏனைய மூன்றையும் முழுதும் விட இயலாமையால், விழிப்புடன் செயற்பட்டு இயன்ற அளவு குறைத்தல் வேண்டும். இவ்விழிப்பையே யத்தினாசாரம் என்பர். அடுப்பு எரியாமல் இல்லறம் இல்லை. அடுப்பு எரியுமிடத்தில் சிற்றுயிர்க்குத் தீங்கு நேராமலும் இல்லை. ஆகவே அடுக்களை என்பது விழிப்பைப் பயிலும் பள்ளிக்கூடம் ஆகின்றது. அப்பள்ளிக்கூடத்தின் வாயிலில் நம் ஆண்மக்களை மட்டும் நாம் நிறுத்திவைக்கின்றோம்.

என் வீட்டில் நடந்தது

எங்கள் ஊர் வந்தவாசி வட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். என் மூத்த மகன் பிறந்தது முதல் இரவில் உண்டறியாதவன். பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லாமல் படுக்கைக்குச் செல்லமாட்டான். இவற்றைக் கண்டு உறவினர் பாராட்டும்போது யான் உள்ளம் பூரித்ததுண்டு. 2015 ஆம் ஆண்டு அவன் வெளியூரில் ஒரு பொறியியற் கல்லூரியிற் சேர்ந்து, விடுதியில் தங்கிப் பயிலலானான்.

அவ்வாண்டு தீபாவளிக்கு, பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய நன்னாளை ஒட்டி, அவன் ஊர் வந்தான். வந்த நாள் முதல் என் முகத்தை நேரே பார்க்கவில்லை. திரும்பிச் செல்லுவதற்கு முதல்நாள் மாலை, யான் வழக்கம்போல் ஐந்து மணிக்கு இலை போட்டேன். அவன் அமரவில்லை.

"அம்மா, உன்னிடம் மறைத்து உண்ண எனக்கு மனம் வரவில்லை. விடுதியில் நான் இரவில்தான் உண்கிறேன், ஒரு மாதமாகிறது" என்றான்.

யான் என்ன செய்தேன் தெரியுமா? காரணம் கேட்கவில்லை. "பதினெட்டு ஆண்டுகள் நான் காத்த நோன்பை மூன்று மாதத்தில் கெடுத்துவிட்டாயே! இனி இந்த அடுக்களைப் பக்கம் வராதே" என்று கடிந்தேன். அவன் சற்றுநேரம் நின்றான். பிறகு மெல்லிய குரலில், "நீயே சொல்லிவிட்டாய் அம்மா. காத்தவள் நீ. நான் உண்டவன் மட்டும்தான். நீ இல்லாத இடத்தில் அதை எப்படிக் காப்பது என்று எனக்குத் தெரியவில்லை" என்று கூறிவிட்டு வெளியே சென்றான். அன்றிரவு அவன் உண்ணவில்லை; நானும் உண்ணவில்லை. மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் அவன் சென்றுவிட்டான். வழிக்கென்று யான் செய்து வைத்திருந்த முறுக்குத் தூக்கு எடுத்த இடத்திலேயே இருந்தது.

அவன் கூறியதில் பொய் ஏதுமில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். அவன் விடுதியில் இரவு உணவு ஏழரை மணிக்கு. ஆகஸ்டுத் திங்களில் நம் பகுதியில் கதிரவன் மறைவது சுமார் ஆறரை மணிக்கு. அப்பொழுது வகுப்பு முடிந்து வந்து கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் இட்லி உண்ண அவனுக்கு நேரம் இருந்தது. நவம்பரில் அஸ்தமனம் சுமார் 5.40 மணிக்கு வந்துவிடும். ஆய்வுக்கூடம் முடிவதோ ஐந்தரை மணிக்கு. ஒரு வாரம் வாழைப்பழமும் ரொட்டியும் உண்டு சமாளித்திருக்கிறான். பசியினால் படிக்க முடியாமற்போகவே இரவுணவிற்குச் சென்றுவிட்டான். விடுதிச் சமையற்காரரிடம் முன்னரே உணவு கேட்டு வாங்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எவ்வாறு தோன்றும்? பதினெட்டு ஆண்டுகளாக அவன் கேளாமலே நேரத்தில் உணவு வந்துகொண்டிருந்ததன்றோ?

நீரில் இட்ட கோடு

என் பிழைகளில் பெரியது எது என்பதை எனக்கு உணர்த்தியவன் இளைய மகன். அப்பொழுது அவனுக்குப் பதினொரு வயது. சிறுவயதில் அண்ணனும் தம்பியும் சண்டையிட்டுப் பேசாதிருக்கும்போது, யான் அவர்களுக்கு வெகுளியின் நான்கு நிலைகளைச் சொல்லித் தருவது வழக்கம். கல்லில் கீறிய கோடு போன்றது அனந்தானுபந்தி, பிறவிதோறும் தொடர்வது. நிலத்தில் உண்டான பிளவு போன்றது அப்பிரத்தியாக்கியானம். ஆறு திங்கள் வரை நிற்பது. மணலில் இட்ட கோடு போன்றது பிரத்தியாக்கியானம். பதினைந்து நாள் நிற்பது. நீரில் இட்ட கோடு போன்றது சஞ்ச்வலனம். இரண்டு நாழிகைக்குள், அதாவது 48 நிமிடத்திற்குள், மறைந்துவிடுவது. "உங்கள் சண்டை நீரிலிட்ட கோடாக இருக்கட்டும், இரண்டு நாழிகைக்குள் பேசிவிடுங்கள்" என்பேன்.

மூத்தவன் சென்று எட்டு நாள்களாகியும் யான் அவனோடு தொலைபேசியில் பேசவில்லை. ஒன்பதாம் நாள் இளையவன் என் அருகில் வந்து, "அம்மா, உன் கோபம் மணல்கோடா, நிலக்கோடா?" என்று கேட்டான். எனக்கு நாணமாயிற்று. உணவில் ஓர் எறும்பு விழாமற் காக்கத் தெரிந்த யான், பெற்ற மகன் உள்ளம் புண்படச் சொல்லிய சொல்லை ஹிம்சையென்று எண்ணவில்லையே! அன்று மாலையே மகனை அழைத்துப் பேசினேன். "தவறு உன்னுடையது மட்டுமன்று, கற்பிக்காதவள் நான். விடுமுறைக்கு வா, இருவரும் சேர்ந்து வழி தேடுவோம்" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "சரி அம்மா" என்றான்.

பாடம் தொடங்கியது

அவ்வாண்டுப் பொங்கல் விடுமுறையில், புதல்வர் இருவரையும் அடுக்களையில் அமர்த்தினேன். என் மாமியார்க்கு இது முதலில் பிடிக்கவில்லை. "ஆண் பிள்ளை கையில் முறத்தைக் கொடுக்கிறாயே, பார்ப்பவர் சிரிக்கமாட்டார்களா?" என்றார். "அத்தை, நீங்கள் எனக்குக் கற்றுத்தந்ததை இவர்களுக்குக் கற்றுத்தர எனக்குப் பெண் இல்லையே, என்னோடு இது முடிந்துவிடலாமா?" என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. மறுநாட்காலை அவரே முறத்தோடு முற்றத்தில் அமர்ந்து இளையவனை அழைத்தார். அரிசியிற் கண்ட வண்டினை நசுக்காமல் விரல்நுனியால் ஒதுக்கி, நான்கு மணி அரிசியோடு நிழலில் விடவேண்டும் என்று அவர் காட்டிய விதத்தை எந்த நூலிலும் யான் படித்ததில்லை.

நாங்கள் வகுத்துக்கொண்ட பாடங்கள் நான்கு.

முதற்பாடம் நீர். குடத்தின் வாயினும் அகன்றதும், உடுத்திப் பழகாததும், இழை நெருங்கியதுமான பருத்தித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுதல் வேண்டும். வடிகட்டியபின் துணியைப் பிழியலாகாது. அதன் மறுபுறத்தில் வடிகட்டிய நீரை வார்த்து, துணியில் தங்கிய உயிர்களை எந்த நீரிலிருந்து வந்தனவோ அந்நீரிலேயே மெல்லச் சேர்த்தல் வேண்டும். வடிகட்டிய நீர் இரண்டு நாழிகை வரையிலும், நன்கு கொதிக்கவைத்த நீர் 24 மணி நேரம் வரையிலும் கொள்ளத்தக்கது. இங்கே மூத்தவன் ஒரு வினா எழுப்பினான்: "இப்பொழுது வீடுதோறும் சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கும்போது துணி எதற்கு?" நல்ல வினா. இயந்திரம் நம் உடல்நலத்தைக் கருதி நீரைத் தூய்மை செய்கின்றது. அதில் அகப்பட்ட உயிர் என்னவாகின்றது என்று அது கருதாது. துணி கொண்டு வடிகட்டும் முறையிலோ பாதிச்செயல் நமக்காக, மறுபாதி அவ்வுயிர்களுக்காக. இயந்திரத்தை வேண்டாவென்று யான் கூறவில்லை. எங்கள் வீட்டிலும் உண்டு. துணியால் வடிகட்டிய நீரையே அதில் ஊற்றுகின்றோம்.

இரண்டாம் பாடம் தானியமும் மாவும். அரைத்த மாவினை மழைக்காலத்தில் மூன்று நாள், கோடையில் ஐந்து நாள், பனிக்காலத்தில் ஏழு நாள் என்ற எல்லைக்குள் பயன்படுத்துதல் மரபு. காலம் கடந்தால் கண்ணுக்குப் புலனாகா உயிர்கள் தோன்றும் என்பதே காரணம். இளையவன் ஒவ்வொரு டப்பாவின் மீதும் அரைத்த தேதியைத் தாளில் எழுதி ஒட்டலானான். யானே மறந்த நாள்களில் அவன் நினைவூட்டியதுண்டு.

மூன்றாம் பாடம் பொழுது. நாட்காட்டியைப் பார்த்து அன்றைய அஸ்தமன நேரத்தைச் சுவரிலிருக்கும் பலகையில் எழுதுவதை என் கணவர் மேற்கொண்டார். நம் பகுதியில் நவம்பரில் சுமார் 5.40 என்றிருப்பது ஜூலையில் சுமார் 6.40 ஆகின்றது. இந்த ஒரு மணி நேர வேறுபாட்டை முன்னரே அறிந்தவன் அதற்கேற்பத் திட்டமிடுவான். அறியாதவன் ஒருநாள் திடீரென்று இருளிற் சிக்குவான். என் மூத்த மகனுக்கு நேர்ந்தது இதுவே.

நான்காம் பாடம் சமையல். அரிசியும் பருப்பும் சேர்ந்த ஒரு பொங்கல், ஒரு குழம்பு, ஒரு பொரியல், சப்பாத்தி, இவ்வளவே. ஒருவன் தன் பசிக்குத் தானே விடைகாண இவை போதும். உண்ட பாத்திரத்தை உடனே கழுவுவதும் இப்பாடத்தில் அடங்கும். எச்சில் தங்கிய பாத்திரத்தில் உயிர்கள் பெருகும் என்பதால் அதுவும் அறமே. முதலில் தம் தட்டை எடுத்துக் கழுவியவர் என் கணவர். தந்தை செய்யாத ஒன்றை மைந்தர்க்கு எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்க இயலும்?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

வினை மூவகையால் நம்மைச் சேரும் என்பது ஜினாகமம். தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், பிறர் செய்ய அதற்கு உடன்படுதல். இம்மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு உறழ ஒன்பதாகும். தீவினைக்கு இக்கணக்கைச் சொல்லிப் பிள்ளைகளை எச்சரிக்கும் நாம், நல்வினைக்கும் அதே கணக்கு உண்டு என்பதை மறந்துவிடுகின்றோம்.

தாய் வடிகட்டிய நீரைப் பருகும் மகன் அந்நற்செயலுக்கு உடன்பட்டவன் ஆகின்றான். அதுவும் நன்றே. ஆனால் உடன்பாடு மட்டும் உடையவன், செய்பவர் அருகில் இல்லாதபோது வெறுங்கையனாக நிற்கின்றான். தானே செய்து பயின்றவனுக்கோ, எந்த ஊர் சென்றாலும் அவன் கைகள் உடன் வருகின்றன. நாளை அவனுக்கு மனைவி வருவாள். அவளும் பணிக்குச் செல்பவளாக இருக்கலாம். அப்பொழுது இல்லத்தின் நோன்பு முழுவதையும் அவள் தோளில் சுமத்திவிட்டு, "எங்கள் வீட்டில் எல்லாம் ஆசாரம்" என்று பெருமை பேசுபவனாக நம் மகன் இருத்தல் தகுமா?

சீவகனை வளர்த்தவர்கள்

திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணியை நம்மவர் இல்லங்களில் ஓதி வருகின்றோம். அக்காப்பியத்தில் சீவகனுக்கு அன்னையர் இருவர். மயிற்பொறியில் தப்பிவந்து சுடுகாட்டில் அவனைப் பெற்ற விசயை, அவனை வணிகன் கந்துக்கடன் கையில் சேரவிட்டுத் தவப்பள்ளியில் வாழ்ந்தாள். கந்துக்கடன் மனைவி சுநந்தை அவனைத் தன் மகனாக வளர்த்தாள். ஆசான் அச்சணந்தி கல்வி கற்பித்துப் பிறப்பின் உண்மையை உரைத்தபோது, கட்டியங்காரன் மீது பொங்கியெழுந்த சீவகனை ஓராண்டு பொறுக்குமாறு கேட்டுக்கொண்டார். அவனும் அதற்கு இசைந்தான்.

சீவகன் அரசு எய்திய பின்னர் விசயையும் சுநந்தையும் துறவு பூண்டனர் என்பது காப்பியம். இதனை யான் பலமுறை கேட்டிருப்பினும், என் மகன் ஊரைவிட்டுச் சென்ற பின்னரே இதன் பொருள் எனக்கு விளங்கியது. அவ்விரு தாயரும் மகன் தன்னைத் தானே காத்துக்கொள்ள வல்லவன் ஆனபின் மனநிறைவோடு விலகினர். நாமும் ஒருநாள் விலக வேண்டியவர்களே. அந்நாளில் நம் மைந்தரிடம் எஞ்சி நிற்பது, அவர் கைப்பழக்கத்தில் நாம் சேர்த்தது மட்டுமே.

இன்றைய நிலை

அப்பொங்கல் விடுமுறைக்குப்பின் விடுதி திரும்பிய மூத்தவன், சமையற்காரரிடம் தானே சென்று பேசினான். மாலை ஐந்தரை மணிக்குச் சப்பாத்தியும் குழம்பும் டப்பாவில் எடுத்துவைக்க அவர் மனமுவந்து இசைந்தார். "கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பேனே, தம்பி" என்றாராம். நாள்தோறும் இயலாவிடினும், மாதந்தோறும் அட்டமி இரண்டு, சதுர்த்தசி இரண்டு ஆகிய நான்கு நாள்களிலாவது தவறாமல் காப்பது என்று அவன் தொடங்கினான். நாளடைவில் அந்நான்கு நாள்கள் பலவாயின.

இன்று அவன் பெங்களூரில் பணிபுரிகின்றான். வேலை மிகுதியால் இரவுணவை விலக்க முடியாமற்போகும் நாள்கள் அவனுக்கு இப்பொழுதும் உண்டு. அதனை யான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்நாள்களை அவனே என்னிடம் சொல்கின்றான். முன்னர் யான் கடிந்ததுபோல் இப்பொழுது கடிவதில்லை. சென்ற முறை யான் அவன் இருப்பிடத்திற்குச் சென்றிருந்தபோது, காலையில் எழுந்து பார்த்தேன். இரண்டாக மடித்த வெள்ளைத் துணியைக் குடத்தின் வாயில் கட்டி அவன் நீர் வடித்துக்கொண்டிருந்தான். "அம்மா, நீ உட்கார், இன்று நான்" என்றான். என் மாமியார் அதனைக் காண இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அன்னையரே! நம் புதல்வருக்குக் கல்வி அளிக்கின்றோம். செல்வம் சேர்த்து வைக்கின்றோம். நீர் வடிக்கும் துணியையும் அவர்கள் கையில் கொடுப்போம். கொடுக்கும்போது வெகுளியின்றிக் கொடுப்போம்.

இல்லத்தில் கூடிச் சிந்திக்க

1. ஹிம்சையின் நான்கு வகைகள் யாவை? நேற்று நம் வீட்டில் நேர்ந்தவை எவ்வகையின?

2. நம் இல்லத்தில் நோன்பு காக்கும் பணிகள் எத்தனை? அவற்றுள் ஆண்மக்கள் செய்வன எவை?

3. இன்று நம் ஊரில் அஸ்தமனம் எத்தனை மணிக்கு? அடுத்த திங்களில் எத்தனை மணிக்கு?

4. நம்முள் எவர் மீதேனும் கொண்ட வெகுளி இரண்டு நாழிகையைக் கடந்து நிற்கின்றதா? இன்றே அதனை நீரிலிட்ட கோடாக்க யாது செய்யலாம்?

5. இவ்வாரம் ஒருநாள், மைந்தரே நீர் வடித்துச் சமைத்துப் பொழுதோடு அனைவர்க்கும் பரிமாறச் செய்க. அன்று அன்னை பரிமாறாமல் அமர்ந்து உண்க.

அறம் வளர்க! அருகநெறி தழைக்க!